லியூப்லியானாவில் மாப்பிள்ளை விசாரித்தது

அக்டோபர் 24, வெள்ளி

மதியம் வந்து சேர்ந்தேன். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருக்கும் அக்கா மகன் கதிரவன் பஸ் ஏற்றிவிட்டான். "மாமா, அந்த ஊர்ல பத்து நாள் என்ன பண்ணப் போறீங்க? ரெண்டு நாள்ல பார்த்து முடிச்சிரலாம்" என்றான். நான் எதையும் மெதுவாகப் பார்க்கிறவன் என்று சொல்லிவைத்தேன். அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அது அக்காவுக்குப் போகும், அக்காவுக்குப் போனால் திண்டுக்கல் முழுக்கப் போகும். வந்த காரியம் எனக்கும் என் மனைவி கனகவல்லிக்கும் மட்டும்தான் தெரியும். மகள் ஆதிரையிடம்கூட கிராஸில் இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறோம்.

காரியம் இதுதான். பையன் பெயர் முகுந்தன், முப்பத்து நான்கு வயது, கரூர். ஆறு வருடமாக இந்த லியூப்லியானாவில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, போனில் பேசிவிட்டார்கள், கார்த்திகையில் நிச்சயம். எனக்கு ஒரே மகள். உள்ளூர்ப் பையன் என்றால் டீக்கடை, இஸ்திரிக்காரர், மளிகைக்கடை என்று நாலு இடத்தில் நின்றால் அவன் யோக்கியதை தெரிந்துவிடும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் மட்டும் போட்டோவைப் பார்த்து தலையாட்டிவிடுகிறார்கள். நான் அப்படி ஆட்டுகிறவன் இல்லை. முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். டிக்கெட் இல்லாதவன் பெட்டிக்குள் நான் ஏறியதும் தூங்க ஆரம்பிப்பான், எனக்குத் தெரியும்.

தங்கும் அறையில் ஆளே இல்லை. வாசலில் ஒரு சின்னப் பெட்டி, அதில் எண் திருப்பினால் உள்ளே சாவி. யார் என்ன என்று முகம் பார்க்காமல் வீட்டைக் கொடுக்கிறவர்களை எப்படி நம்புவது? கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஸ்லோவேனியா நாட்டின் தலைநகரம் இது. தலைநகரம் என்றதும் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். பஸ் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் ஊரின் நடுவில் இருக்கிறோம். நல்லதுதான். சின்ன ஊரில் ரகசியம் தங்காது.

அக்டோபர் 25, சனி

காலை முழுக்க நடை. ஆறு ஒன்று ஊருக்கு நடுவில் பச்சையாக ஓடுகிறது. அதன் மேல் ஒரே இடத்தில் மூன்று பாலம் ஒட்டி ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் போய் ஒன்றில் திரும்பினாலும் மூன்றாவது எதற்கு என்று யோசித்தேன், பதில் கிடைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு பாலத்தின் நான்கு மூலையிலும் பச்சை நிறத்தில் நான்கு டிராகன்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. நடு ஊரில் கார் கிடையாது. தெருவில் குப்பை கிடையாது. இவ்வளவு சுத்தமாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆற்றங்கரைச் சந்தையில் பால்காரர் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுக்கலாம் என்று போனேன். இங்கே பால் இயந்திரத்திலிருந்து வருகிறது. பாட்டிலை வைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இயந்திரத்திடம் நான் மாப்பிள்ளையைப் பற்றி என்ன கேட்பது?

கடைசியில் ஒரு இந்திய மளிகைக்கடை கிடைத்தது. கடைக்காரர் ஷிஜு, பாலக்காட்டுக்காரர். துவரம்பருப்பு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "இங்க தமிழ்ப் பசங்க நிறைய இருக்காங்களா?" என்று ஆரம்பித்தேன். அஞ்சாறு பேர் என்றார். "முகுந்தன்னு ஒருத்தர்... நம்ம தெரிஞ்சவங்க வீட்டுப் பையன்..."

"அய்யோ, முகுந்தனா! நல்ல பையனாணு சாரே. தங்கம்."

கேட்ட மறு நொடியே தங்கம் என்கிறார். யாரும் ஒருவனைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் நல்லது சொல்லமாட்டார்கள். சொல்லிவைத்திருக்கிறார்களோ? சாருக்கு எந்த ஊர் என்று கேட்டார். மதுரைப் பக்கம் என்று மட்டும் சொன்னேன். நான் வெளியே வந்ததும் அவர் போனை எடுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் என் கைக்கடிகாரம் ஏழு என்றது, போன் ஆறு என்றது. போன் கெட்டுவிட்டது என்று கதிரவனைக் கூப்பிட்டேன். இன்றைக்கு இந்தக் கண்டம் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்களாம். ஒருவரையும் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்திருக்கிறார்கள்.

கனகவல்லி கொடுத்துவிட்ட அதிரசம் கல்லாகிவிட்டது. சுடுதண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

முகுந்தன் வீடு த்ர்னோவோ என்ற பகுதியில். பயோடேட்டாவில் விலாசம் இருந்தது. ஏழரைக்கே போய் எதிரே ஒரு வாய்க்கால் பாலத்தில் நின்றுகொண்டேன். பாலத்தின் மேலேயே வரிசையாக மரம் வளர்த்திருக்கிறார்கள். வேர் எங்கே போகும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் ஆளைத் தவறவிட இருந்தேன்.

எட்டே காலுக்கு வெளியே வந்தான். போட்டோவில் இருப்பதைவிட முடி குறைவு. முதல் பொய். முப்பதடி தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். அடையாளம் தெரியக்கூடாது என்று குரங்குக் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் துண்டையும் சுற்றியிருந்தேன். ஓடும் வண்டியில் பெட்டி பெட்டியாக நடந்த கால் இது, இந்த ஊர் எனக்கு ஒன்றும் பெரிதில்லை. ஆற்றங்கரை வழியாக வந்து, மூன்று பாலத்தில் நடுப்பாலத்தைக் கடந்து, நேரே ரயில் நிலையத்துப் பக்கம் போய் ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்தான். வழியில் யாருமே இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றான். ஒரு வண்டிகூட வரவில்லை, ஆனாலும் நின்றான். யாரும் பார்க்காதபோது இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவனை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அந்தக் கட்டிடத்து வாசலில் அவன் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். மரியாதையாகத்தான் போய் ஆங்கிலத்தில் கேட்டேன், முகுந்தன் குடிப்பாரா என்று. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காபி?" என்றாள். இந்த ஊரில் எல்லோரும் ஒரே கூட்டணி.

கனகவல்லி சாயங்காலம் பேசினாள். "என்னங்க, அவங்கள விசாரிக்கிறது இருக்கட்டும். நம்ம விஷயத்த நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லிருங்க. பின்னாடி தெரிஞ்சா அசிங்கமாப் போயிரும்." நேரம் வரும்போது சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். அவளுக்கு எப்போதும் அவசரம்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. ஷூவுக்குள் தண்ணீர். ரசம் வைத்தேன், புளி கொண்டுவந்தது நல்லதாயிற்று.

அக்டோபர் 29, புதன்

கிடைத்துவிட்டது.

பத்து மணிக்கு முகுந்தன் வீட்டுக் கட்டிடத்திலிருந்து ஒருவர் நாயோடு வெளியே வந்தார். கதவு மூடுவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். சுவரில் வரிசையாகத் தபால் பெட்டிகள். மூன்றாவது பெட்டியில் முகுந்தன் ராமலிங்கம் என்று எழுதியிருந்தது. அதே தாளில், அதற்குக் கீழே, நினா கோவாச்.

பெண் பெயர். ஒரே பெட்டி, ஒரே தாள்.

பக்கத்துப் பெட்டியைப் பார்த்தேன். கீழ் வீடு, மரியா கோவாச். அதாவது அதே குடும்பம் ஒரே கட்டிடத்தில். நான் அந்த இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கோபமா பயமா என்று தெரியவில்லை, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற சந்தோஷம்.

கனகவல்லிக்கு உடனே போன் செய்தேன். "கல்யாணம் ஆனவன்டி. மறைச்சிருக்காய்ங்க."

"நாமளும்தானே மறைச்சிருக்கோம்" என்றாள்.

அது வேறு, இது வேறு என்று கத்திவிட்டேன். வேறுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஆதிரை சென்னையில், அந்தக் குரோம்பேட்டை வீட்டில் இருந்தது மொத்தமே நாலு மாதம். கோர்ட்டில் இரண்டு பக்கமும் சம்மதித்து எழுதிக் கொடுத்தாயிற்று. அதைக் கல்யாணம் என்று எப்படிச் சொல்வது? கல்யாணத் தகவல் மையத்தில் பதியும்போது 'மணமாகாதவர்' என்ற கட்டத்தைத்தான் நான் நிரப்பினேன். பிள்ளையின் நல்லதற்காகத் தகப்பன் செய்கிற காரியம் அது. அவளுக்கு முப்பத்தொன்று ஆகிறது. இது தட்டிப்போனால் இன்னொரு வரன் எப்போது வரும்?

அவன் செய்திருப்பது பித்தலாட்டம்.

அக்டோபர் 30, வியாழன்

சாட்சி இன்னும் வேண்டும். பெயர் மட்டும் போதாது என்று கரூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் காலையில் அவன் வெளியே வரவில்லை, வீட்டிலிருந்தே வேலை போலிருக்கிறது. இரண்டு மணி நேரம் அந்த மரம் வளர்த்த பாலத்தில் நின்று கால் விறைத்ததால் நடக்க ஆரம்பித்தேன்.

இந்த ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு மண்பாதை போகிறது. உலகப் போரில் எதிரிப் படை ஊரையே முள்வேலி போட்டு அடைத்துவைத்திருந்ததாம். அந்த வேலி ஓடிய தடம்தான் இப்போது நடைபாதை. ஒரு தமிழனுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்திருந்தால் பிளாட் போட்டிருப்பான். வயதானவர்கள் இரண்டு கையிலும் கோல் ஊன்றிக்கொண்டு விறுவிறுவென்று போகிறார்கள். எதிரே வருகிற ஒவ்வொருவரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். என்ன வேண்டுமாம் இவர்களுக்கு என்று முதலில் சந்தேகப்பட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எட்டு கிலோமீட்டர் நடந்திருப்பேன்.

ஊர் நல்ல ஊர்தான். ஆதிரை இங்கே வந்தால் அவளும் இதில் நடப்பாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு நினா ஞாபகம் வந்தது.

அக்டோபர் 31, வெள்ளி

இங்கே விடுமுறை. கடைகள் அடைப்பு. தெருவெங்கும் சாமந்திப் பூந்தொட்டியோடு ஆட்கள் போகிறார்கள். நாளைக்கு என்னவோ இருக்கிறது.

நவம்பர் 1, சனி

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

பகல் இரண்டு மணிக்கு அவன் வெளியே வந்தான். ஒரு கையில் சாமந்தித் தொட்டி, மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள். எழுபதுக்கு மேல் இருக்கும், ஒரு கால் சரியில்லை. அந்த அம்மாளின் பையில் சிவப்புக் கண்ணாடி விளக்குகள். மெல்ல நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். கூட்டமான கூட்டம். பஸ் வந்ததும் பின்னாலிருந்தவர்கள் தள்ளிய தள்ளில் நானும் உள்ளே போய்விட்டேன்.

இங்கே பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள், ஒரு அட்டையைத் தட்ட வேண்டும். என்னிடம் அட்டை இல்லை. முப்பத்தொரு வருடம் எத்தனை ஆயிரம் பேரை டிக்கெட் இல்லாமல் பிடித்து இறக்கியிருப்பேன்! இன்றைக்கு நான் டிக்கெட் இல்லாமல் நின்றேன். குல்லாய்க்குள் வேர்த்துக் கொட்டியது. பரிசோதகர் ஏறினால் என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடியும் கொண்டேன்.

பஸ் போய் நின்றது சுடுகாட்டில். இடுகாடு என்று சொல்ல வேண்டும். ஊரே அங்கேதான் இருந்தது. செத்தவர்களை நினைக்கும் நாளாம். குழந்தைகள், தள்ளுவண்டிகள், புதுக்கோட்டு போட்ட குடும்பங்கள். ஒவ்வொரு கல்லறையிலும் பூவும் விளக்கும், கண்ணுக்கு எட்டியவரை சிவப்புச் சிவப்பாக எரிகிறது. யாரும் அழவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்களோடு நின்று பேசுகிறார்கள், நம் ஊரில் கோயிலுக்கு வெளியே நின்று பேசுவதுபோல.

முகுந்தன் ஒரு கல்லறைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து காய்ந்த இலைகளைப் பொறுக்கினான். விளக்கை ஏற்றினான். அந்த அம்மாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். கோவாச் என்று செதுக்கியிருந்தது.

மாமனார் கல்லறை. மருமகன் விளக்கேற்றுகிறான். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

திரும்பி வரும்போது பஸ் ஏறவில்லை. நாலு கிலோமீட்டர் நடந்தே வந்தேன். வழியெல்லாம் கரூர்க்காரர்களிடம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஆதிரையிடம் என்ன சொல்வது என்று யோசித்தபோது ஒரு வாக்கியமும் வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்கு எதிரே, மரம் வளர்த்த பாலத்தில் நின்றேன். இன்றைக்கு அவனை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அவன் கதவைத் திறந்துகொண்டு, வீட்டுச் செருப்போடு, நேரே என்னிடம் வந்தான்.

"அங்கிள், உள்ள வாங்க. மூணு டிகிரி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா ஆதிரைக்கு நான் பதில் சொல்லணும்."

"நான் யாருன்னு..."

"திண்டுக்கல் தணிகாசலம். நீங்க கடைக்குப் போன அன்னைக்கே ஷிஜு போன் பண்ணிட்டாரு. குரங்குக் குல்லாயும் துண்டும் போட்டுக்கிட்டு இந்த ஊர்ல வேற யாரு அங்கிள் நடக்கிறா? என் ஆபீஸ்ல உங்களுக்குப் பேரே வச்சுட்டாங்க."

முப்பதடி தள்ளி யாருக்கும் தெரியாமல் நடந்ததாக நினைத்திருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது நம் ஊரில் சரி. இங்கே கூட்டமே என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

உள்ளே போனதும் அந்த வயதான அம்மாள், மரியா, கீழ் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் ஈர ஷூவைப் பார்த்துவிட்டு என்னவோ திட்டினாள். உள்ளே போய் ஒரு ஜோடிக் கம்பளிச் செருப்பு கொண்டுவந்து என் காலுக்கு முன்னால் வைத்தாள். போட்டுக்கொள்ளாமல் விடமாட்டாள் போலிருந்தது, போட்டுக்கொண்டேன்.

மேலே அவன் வீடு சின்னது. டீ போட்டான், இஞ்சி தட்டிப் போட்டான். நான் டீயைத் தொடாமல் கேட்டேன்.

"தம்பி, நேராக் கேக்குறேன். நினா யாரு?"

"ரெண்டு வருஷம் என்கூட இருந்தா. கல்யாணம் பண்ணல. போன வருஷம் வேற ஊருக்கு வேலைக்குப் போனா, அங்க வேற ஒருத்தரோட இருக்கா. அவ்வளவுதான்."

"பெட்டில பேரு இருக்கு."

"அவளுக்கு இன்னும் லெட்டர் வருது. பேரை எடுத்தா போஸ்ட்மேன் திருப்பி அனுப்பிருவாரு, மரியாம்மா வந்து என்கிட்டச் சண்டை போடும். அவங்க பொண்ணு என்னை விட்டுட்டுப் போயிட்டா. அவங்க போகல, கீழதான இருக்காங்க. முட்டி சரியில்ல, புருஷன் கல்லறைக்குப் பூத்தொட்டி தூக்க ஆள் வேணும். நான் என்ன பண்றது?"

எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. எழுந்துவிட்டேன். "இதை எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க? ஒரு பொண்ணோட வாழ்க்கைய்யா இது. உங்களுக்கெல்லாம் விளையாட்டா?" என்று சத்தம் போட்டேன். கீழே மரியாவுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவன் சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட மறைச்சேன். ஆதிரைகிட்ட மறைக்கல. ரெண்டாவது தடவை பேசும்போதே சொல்லிட்டேன்" என்றான். "ஏன்னா முதல் தடவை பேசும்போதே அவங்க சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"குரோம்பேட்டையைப் பத்தி."

நான் உட்கார்ந்தேன். பத்து நாளாக அவனுடைய பொய்யைத் தேடி இந்த ஊரில் ஒரு தெரு விடாமல் நடந்தேன். வரனை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எல்லாம் தெரிந்தவனாக அவன் என்னை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். இப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

"கோவம் இல்லைன்னு சொல்லமாட்டேன் அங்கிள்" என்றான். "ஆபீஸ் வாசல்ல போய் நான் குடிப்பனான்னு கேட்டிருக்கீங்க. நேத்து கல்லறை வரைக்கும் வந்தீங்க. பஸ்ல நீங்க அட்டை இல்லாம முழிக்கிறதப் பார்த்து உங்களுக்கும் சேர்த்து நான்தான் தட்டினேன். ஆதிரைதான், விடுங்க, நடக்கட்டும், அப்பா உடம்புக்கு நல்லதுன்னாங்க."

அவளுக்கும் தெரியும்.

"ஒண்ணு கேக்கட்டுமா? குத்திக் காட்டுறதுக்காக இல்ல. போன தடவை எத்தனை நாள் விசாரிச்சீங்க?"

"அரை நாள்" என்றேன். அது உண்மை. காலையில் குரோம்பேட்டையில் இறங்கி, அந்தத் தெரு இஸ்திரிக்காரரிடமும் ஒரு டீக்கடையிலும் கேட்டேன். நல்ல குடும்பம் என்றார்கள். மத்தியான வண்டிக்குத் திரும்பிவிட்டேன். நல்ல இடம், கை நழுவிவிடக்கூடாது என்ற அவசரம் எனக்கு.

முகுந்தனும் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நினா விஷயத்தைக் கரூரில் இன்னும் சொல்லவில்லையாம், பயம்தான் என்றான். "நீங்க உங்க பக்கத்தைச் சொன்னா நானும் என் பக்கத்தைச் சொல்லிருவேன். ஆனா ஆதிரை ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. அது நடக்காட்டி நிச்சயம் இல்லைன்னுட்டாங்க. என்னன்னு நான் சொல்லமாட்டேன், அவங்ககிட்டயே கேளுங்க."

வெளியே வரும்போது மரியா காகிதத்தில் சுற்றி வால்நட் ரொட்டி ஒன்று கொடுத்தாள். அறைக்கு வந்து பாதி சாப்பிட்டேன்.

கனகவல்லி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கு ஊருக்கு மேற்கே இருக்கும் பெரிய பூங்காவுக்குப் போனேன். பனிமூட்டம், பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அங்கே பன்னிரண்டரை. ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சாப்பாட்டு நேரம். ஆதிரை மதுரையில் பிசியோதெரபிஸ்ட். நடந்துகொண்டே போன் செய்தேன், நின்றால் பேசியிருக்கமாட்டேன்.

"சொல்லுங்கப்பா. கிராஸ்ல குளிரா?" என்றாள். குரலில் சிரிப்பு.

"கிராஸ்ல இல்லம்மா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"என்னம்மா உன் கண்டிஷன்?"

டப்பாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. எழுந்து வெளியே வருகிறாள் என்று புரிந்தது.

"கரூர்க்காரங்ககிட்ட நீங்க சொல்லணும்ப்பா. அம்மா இல்ல, முகுந்தன் இல்ல, நீங்க. 'என் பொண்ணுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு, அதை நான்தான் பார்த்துப் பண்ணி வச்சேன்'னு சொல்லணும். ஏழு வருஷமா நான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி மூடி மூடி வைக்கிறீங்க. மணமாகாதவர்னு போட்டிருக்கீங்க. அப்ப அந்த நாலு மாசம் நான் எங்கப்பா இருந்தேன்? ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா, அங்க என்ன நடந்துச்சுன்னு?"

கேட்டதில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்று பயம். அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

"சொல்றேம்மா. போன உடனே கரூருக்குப் போறேன்."

"அவங்க வேண்டாம்னுட்டா?"

"வேண்டாம்னா போகட்டும்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மெதுவாக, சிரிப்பில்லாமல் பேசினாள். "முகுந்தன் சொன்னப்போ சிரிச்சேன். அப்புறம் அழுகையா வந்துச்சுப்பா. எனக்காகத் தெரியாத ஊர்ல பத்து நாள் தெருத் தெருவா நடந்திருக்கீங்க. அன்னைக்கு நீங்க எழும்பூர்லதான இருந்தீங்க. அரை மணி நேரம்தானே?"

அன்றைக்கு என்ன என்பதை எழுதிவிடுகிறேன். கல்யாணமாகி மூன்றாவது வாரம். காலை பதினொன்றே கால். குரோம்பேட்டை வீட்டுக் குளியலறையிலிருந்து, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். "அப்பா, வந்து கூட்டிட்டுப் போயிருங்கப்பா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் மதுரையிலிருந்து வண்டியோடு வந்து, எழும்பூரில் பரிசோதகர்களுக்கான ஓய்வறையில் படுத்திருந்தேன். மின்சார ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் குரோம்பேட்டை. "டியூட்டி இருக்கும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவளே ஒரு பையோடு தனியாகத் திண்டுக்கல்லில் வந்து இறங்கினாள். டியூட்டி, டியூட்டி என்று ஏழு வருடமாகச் சொல்லிவருகிறேன். கனகவல்லியும் அதை நம்பித்தான் இருக்கிறாள்.

எனக்கு அன்றைக்குத் திரும்பும் வண்டி இரவு ஒன்பது நாற்பதுக்கு. பகல் முழுக்க நான் படுத்துத்தான் கிடந்தேன். தூங்கவில்லை, எழுந்தும் போகவில்லை. போனால் அவளைக் கூட்டி வர வேண்டியிருக்கும், கூட்டி வந்தால் ஊர் கேட்கும்.

பனியில் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். நாய் கூட்டி வந்த ஒருவர் வணக்கம் சொன்னார், தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆதிரை, அன்னைக்கு எனக்கு ராத்திரிதாம்மா டியூட்டி. பகல்ல சும்மாதான் இருந்தேன்" என்றேன்.

வைத்துவிட்டாளோ என்று போனைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். வைக்கவில்லை.

"தெரியும்ப்பா" என்றாள். "உங்க டியூட்டி நேரத்தை அம்மா அடுப்படி மாசக் காலண்டர்ல எழுதி வைப்பாங்கல்ல. வீட்டுக்கு வந்த அன்னைக்கு, பையைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி, மூணு தாள் பின்னாடி புரட்டி அதைத்தான் பார்த்தேன்."